பிரைமரும் வர்ணமும் பகையானால்...

காரின் மட்கார்டில் பிரைமர் அடித்து முடித்துவிட்டீர்கள். தொட்டுப் பார்த்தால் விரலில் ஒட்டவில்லை. மறுநாள் காலை வர்ணக் கேனைக் குலுக்கி அதன்மேல் அடிக்கிறீர்கள். முதலில் பளபளவென்று அழகாகத்தான் இருக்கிறது. ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், சூடான பாலை ஊதும்போது ஆடை சுருங்குமே, அப்படிச் சுருங்கிக் கிடக்கிறது.

என்னிடம் படிக்கும் நான்காம் படிவ மாணவன் ஒருவனுக்கு இதுதான் நடந்தது. அப்பாவின் பழைய காரில் மட்கார்ட் இடிபட்டிருந்தது. பட்டறையில் கேட்ட தொகை கட்டுப்படியாகவில்லை. தானே செய்துவிடலாம் என்று சேமிப்பை எடுத்துக் கேன்கள் வாங்கிவிட்டான். மூன்று முறை அடித்தான். மூன்று முறையும் சுருங்கியது. “எனக்குக் கைப்பக்குவம் இல்லை, சார்” என்றான்.

கைப்பக்குவத்திற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. கேன்களை வாங்கிப் பார்த்தேன். பிரைமர் எனாமல் வகை. வர்ணம் லேக்கர் வகை.

நாம் ‘உலர்ந்துவிட்டது’ என்று ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் இரண்டு வேறு வேலைகள். லேக்கர் உலர்வது சீனிப்பாகு உலர்வதைப் போன்றது. நீர் போனால் சீனி மிஞ்சும்; மீண்டும் நீர் பட்டால் கரையும். லேக்கரிலும் கரைப்பான் ஆவியாகிப் பிசின் தங்குகிறது. மறுபடி தின்னர் பட்டால் கரைந்துவிடும். எனாமல் உலர்வதோ முட்டை வேவதைப் போன்றது. கரைப்பான் ஆவியான பிறகுதான் முக்கிய வேலையே தொடங்குகிறது. அதிலுள்ள எண்ணெய் சார்ந்த மூலக்கூறுகள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து, ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வலையாகின்றன. வெந்த முட்டை மீண்டும் பச்சை முட்டை ஆகாதல்லவா? ஆனால் இந்த வலை முழுதாகப் பின்னி முடிய நாள்கணக்கில் ஆகும். தடிப்பாக அடித்திருந்தால் வாரக்கணக்கிலும் ஆகும்.

வம்பு வருவது அந்த இடைப்பட்ட நாள்களில்தான். லேக்கர் தின்னரில் அசிட்டோன், டொலுவீன் போன்ற வலுவான கரைப்பான்கள் இருக்கும். அவை அரைகுறையாகப் பின்னிய வலைக்குள் புகுந்துவிடுகின்றன. வலை கரைவதில்லை, நீர் குடித்த பஞ்சுபோல் உப்புகிறது. ஆனால் அதன் அடிப்பக்கம் தகட்டைப் பிடித்திருக்கிறது. பக்கவாட்டில் விரிய இடமில்லை. வேறு வழியின்றி மேலெழும்பி மடிகிறது. அந்த மடிப்பைத்தான் நாம் சுருக்கம் என்கிறோம்.

எனாமல் கேன்களின் பின்புறம் ஒரு விநோதமான குறிப்பு இருக்கும்: அடுத்த பூச்சை 1 மணி நேரத்திற்குள் அடியுங்கள், இல்லாவிட்டால் 24 மணி நேரம் (சிலவற்றில் 48) கழித்து அடியுங்கள். அச்சுப் பிழையோ என்றுகூட எண்ணத் தோன்றும். முதல் மணி நேரத்தில் வலை பின்னத் தொடங்கியிருக்காது. இரண்டு பூச்சும் ஒன்றாகக் கலந்துவிடும். நேரம் கடந்த பிறகு வலை ஓரளவு இறுகியிருக்கும். அந்தக் கணக்கும் அதே வகைச் சாயத்திற்குத்தான். மேலே லேக்கர் அடிக்கப்போகிறவருக்கு அது பொருந்தாது. வரிசையை மாற்றி, நன்கு உலர்ந்த லேக்கர்மேல் எனாமல் அடித்தால் பெரும்பாலும் தொல்லையில்லை. எனாமலின் கரைப்பான் மென்மையானது.

காரில் ஏற்கெனவே இருக்கும் சாயம் எந்த வகை? கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில், லேக்கர் தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். நிறம் துணியில் இறங்கினால் லேக்கர். உப்பினாலோ சுருங்கினாலோ முழுதாக இறுகாத எனாமல். ஒன்றுமே ஆகாவிட்டால் வலை முழுமை பெற்ற சாயம். தொழிற்சாலையில் சுமார் 140 பாகை செல்சியஸ் சூட்டில் வாட்டிய சாயம் பொதுவாக இப்படித்தான் அசையாமல் நிற்கும்.

பம்பர் வேறு கதை. பெரும்பாலான பம்பர்கள் பாலிபுரோப்பிலீன் கலந்த நெகிழியால் ஆனவை. அதன்மேல் நீரே பரவாமல் முத்து முத்தாக நிற்கும். சாயம் மட்டும் எப்படிப் பிடிக்கும்? நெகிழிக்கென்றே விற்கும் ஒட்டுப்பூச்சை முதலில் அடிக்காவிட்டால், கார் கழுவும் கடையின் நீர்ப்பீச்சலில் தோலாக உரிந்துவிடும். துத்தநாகம் பூசிய தகட்டின்மேல் எனாமலை நேரடியாக அடிப்பதும் ஆபத்து. நாளடைவில் அதன் பிசின் துத்தநாகத்தோடு சேர்ந்து ஒருவகைச் சவர்க்காரமாக மாறி, பிடிப்பு விட்டுப்போகும்.

பட்டறைக்காரர்கள் இவ்வளவு கவலைப்படுவதில்லை. கடினமாக்கி கலந்த இருபகுதிச் சாயம் அடிக்கிறார்கள். வலை விரைவில் இறுகிவிடும். அதை வீட்டில் முயலாதீர்கள். அந்தக் கடினமாக்கியிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை வரவழைக்கக்கூடியது. சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. எந்தச் சாயமானாலும் வீட்டுக்குள் அடிக்க வேண்டாம்.

மாணவன் என்ன செய்தான்? சுருங்கியதன்மேல் இன்னொரு பூச்சு அடித்தால் அதுவும் சுருங்கத்தான் செய்யும் என்பதால், பள்ளி விடுமுறையில் எல்லாவற்றையும் தகடுவரை தேய்த்தெடுத்தான். பிரைமர், வர்ணம், மேற்பூச்சு மூன்றையும் ஒரே நிறுவனத்தின் லேக்கர் வகையில் வாங்கி, மழையில்லாத ஒரு முற்பகலில் மெல்லிய பூச்சுகளாக அடித்தான். சுருங்கவில்லை. மட்கார்ட் பளிச்சென்று இருப்பதால் வெயிலில் மங்கிய பக்கத்துக் கதவு இப்போது உறுத்துகிறதாம். அதையும் அடிக்கச் சொல்கிறாராம் அப்பா.