தெருவுக்குப் பங்கு: யார் தலையில் எவ்வளவு?

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகும் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளின் வரிசை முடிவதே இல்லை. அந்தச் சாலையை விட்டு இறங்கி உட்தெருக்களில் நடந்தால், பெயர்ந்த சிமென்ட் தரையும் மூடியில்லாத கால்வாயும் பல இடங்களில் கண்ணில் படுகின்றன. இந்தத் தெருக்கள் எப்போது சீராகும் என்ற கேள்விக்கு அரசிடம் இருக்கும் பதில்களில் ஒன்று, 'நமக்கு நாமே திட்டம்'.

1990களின் இறுதியில் கலைஞர் ஆட்சியில் தொடங்கிய திட்டம் இது. 2011க்குப் பிறகு 'தன்னிறைவுத் திட்டம்' என்று பெயர் மாறியது. 2021இல் பழைய பெயருடன் திரும்பி வந்தது. தெருவுக்குச் சாலையோ, பூங்காவோ, பள்ளிக்குக் கட்டடமோ வேண்டுமானால், மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் தரவேண்டும். மீதியை அரசு போடும். ஊரகப் பகுதிகளில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் இடங்களுக்கு இந்தப் பங்கு ஐந்தில் ஒன்றுதான். இதை நம் கிராமத்து வாசகர்கள் குறித்துக்கொள்வது நல்லது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 வீடுகள் உள்ள ஒரு தெருவுக்கு 9 லட்ச ரூபாயில் கான்கிரீட் சாலை என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் ஒரு பங்கு என்றால் 3 லட்சம். வீட்டுக்கு 7,500 ரூபாய். ஐந்தில் ஒரு பங்கு என்றால் வீட்டுக்கு 4,500 ரூபாய். மாதச் சம்பளக்காரர் இதைச் சமாளித்துவிடுவார். மீன் விற்றும், சுமை தூக்கியும், ஒப்பந்தத் துப்புரவு வேலை செய்தும் அன்றாடம் சோறு பார்க்கும் குடும்பத்துக்கு இது கந்துவட்டிக்குப் போகவேண்டிய தொகை.

சொத்து உள்ளவரிடம் தெருவுக்கான செலவைக் கேட்பது புதிய வழக்கமல்ல. 1919ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டத்திலேயே அதற்கு இடம் இருந்தது. ஒரு தனியார் தெரு சமன் செய்யப்படாமல், வடிகால் இல்லாமல் கிடந்தால், அதை ஒட்டி வீடோ நிலமோ வைத்திருப்பவர்கள் சரிசெய்ய வேண்டும் என்று ஆணையர் நோட்டீஸ் அனுப்பலாம். அவர்கள் செய்யாவிட்டால் மாநகராட்சியே செய்து, செலவை அவர்களிடம் வசூலிக்கலாம்.

பங்களிப்பு முறை நன்றாக நடந்த இடமும் நம் பக்கத்திலேயே உண்டு. ஆலந்தூர் தனி நகராட்சியாக இருந்தபோது, பாதாளச் சாக்கடைக்காக வீடுகளிடம் 5,000 ரூபாயும் வணிக நிறுவனங்களிடம் 10,000 ரூபாயும் முன்பணமாகத் திரட்டினார்கள். 2000இல் தொடங்கிய வேலை சில ஆண்டுகளில் பயனுக்கு வந்தது. மற்ற நகரங்களுக்கு அதையே இன்றும் உதாரணம் காட்டுகிறார்கள். ஆனால் ஆலந்தூரில் பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர்கள், நடுத்தரக் குடும்பங்கள். பட்டா இல்லாமல் புறம்போக்கில் தலைமுறைகளாக வாழும் குப்பத்துக்கும், வாரியக் குடியிருப்புக்கும் அந்த அளவுகோலை அப்படியே நீட்டமுடியுமா?

இங்கேதான் வட சென்னையின் இன்னொரு பாடம் நமக்கு உதவுகிறது. எண்ணூர்–மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் சுமார் 30 கிலோமீட்டர் சாலைகளுக்கானது. சுமார் 600 கோடி ரூபாய் செலவு. அந்தச் செலவைத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம், சென்னைத் துறைமுகம், எண்ணூர்த் துறைமுகம், தமிழ்நாடு அரசு ஆகியவை பங்கிட்டுக்கொண்டன. சரக்கு லாரிகள் ஓடும் சாலைக்குத் துறைமுகங்களும் பணம் போட்டன. அந்தச் சாலைக்காக வீட்டை இழந்து இடம்பெயர்ந்த மீனவக் குடும்பங்களும் உண்டு. அவர்கள் செலுத்திய பங்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறவில்லை.

பங்கு கேட்பதே தவறு என்று நாம் சொல்லவில்லை. எதை வைத்துப் பங்கு பிரிக்கிறார்கள் என்பதே நம் கேள்வி. பெரிய சாலையில் பயன்படுத்துபவரைப் பார்த்துப் பிரித்தார்கள். சின்னத் தெருவில் மட்டும் வீட்டு வாசலை எண்ணிப் பிரித்தால், முழு மனை உள்ளவரும் ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவரும் ஒன்றாகிவிடுவார்கள். பணம் சேரும் தெருவுக்கு அரசுப் பணமும் சேரும். சேராத தெரு அடுத்த மழைக்கும் அப்படியே கிடக்கும்.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பொதுத் தெருவில் யாரும் நடக்கலாம் என்பதையே நம் முன்னோர் போராடித்தான் பெற்றார்கள். 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், எந்த ஊரின் பொதுத் தெருவிலும் ஒடுக்கப்பட்டோர் நடக்கத் தடையில்லை என்று உறுதி செய்தது. 'நாங்கள் காசு கொடுத்த தெரு' என்ற பேச்சு அதற்கு எதிர்த்திசையில் போகக்கூடியது. பங்கு கொடுப்பவருக்குத் தெருவில் கூடுதல் உரிமை எதுவும் வராது. தெரு பொதுச் சொத்துதான். இதை ஒவ்வொரு கூட்டத்திலும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்கை நிறுவனங்களும் கொடுக்கலாம். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வரவு செலவோ உள்ள நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. தாங்கள் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. துறைமுகமும் ஆலைகளும் சூழ்ந்த வட சென்னையில், குப்பத்துத் தெருவின் பங்கைக் கேட்க முதல் கதவு அதுதான். 2024இல் நிறைவேறிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் இன்னொரு கதவு. மக்கள்தொகைக்கு ஏற்ற நிதியை ஒதுக்குவது அரசின் கடமை என்கிறது அந்தச் சட்டம். அந்த நிதி இருக்கும்போது, பட்டாகூட இல்லாத குடும்பத்திடம் எதற்கு உண்டியல் குலுக்க வேண்டும்?

மாணவர்கள் இதில் நிறையச் செய்யலாம். உங்கள் தெரு உள்ளாட்சிப் பதிவேட்டில் பொதுத் தெருவாக இருக்கிறதா, கடைசியாக எப்போது, எந்த நிதியில் வேலை நடந்தது, உங்கள் தெருவுக்கு மக்கள் பங்கு எவ்வளவு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் கேளுங்கள். கிராமத்தில் கிராம சபையிலும் நகரத்தில் பகுதி சபையிலும் அந்தப் பதிலை வைத்துப் பேசுங்கள். யாராவது வசூலுக்கு வந்தால், மதிப்பீட்டின் நகலைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ரசீது வாங்காமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.