நுரையீரல் ரத்த அழுத்தம்: ஆயுள் கணக்குக்கு முன் கேட்க வேண்டியது

இதய எக்கோ அறிக்கையில் ‘சிவியர் பல்மனரி ஹைப்பர்டென்ஷன்’ (கடுமையான நுரையீரல் ரத்த அழுத்தம்) என்று வந்தால், வீட்டில் எழும் முதல் கேள்வி ‘எத்தனை வருஷம்?’ என்பதுதான். இணையத்தில் தேடினால் 2.8 ஆண்டுகள் என்ற எண் கண்ணில் படும். அது 1980களில் அமெரிக்காவில் எடுத்த கணக்கு. காரணம் தெரியாமல் வரும் ஒரு வகைக்கு மட்டுமே பொருந்தும். இந்நோய்க்கென்று தனி மருந்து வராத காலம் அது. அந்த எண்ணைப் பார்த்து மனம் உடைய வேண்டாம்.

இதயத்தின் வலப்பக்கம்தான் ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. அந்த ரத்தத்தைக் கொண்டுசெல்லும் தமனியில் சராசரி அழுத்தம் 20 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினால் இந்த நோய். நாளடைவில் வலப்பக்க இதயம் சோர்ந்துபோகும். மூச்சு வாங்கும், கால் வீங்கும், மயக்கம் வரும். எக்கோ தருவது மதிப்பீடுதான்; கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி அளந்தால்தான் உறுதி.

இதில் ஐந்து வகை உண்டு. பெரும்பாலோருக்குக் காரணம் இடப்பக்க இதயக் கோளாறு. அந்தப் பக்கத்து மைட்ரல் வால்வு சுருங்கியிருந்தால் அதைச் சரிசெய்ய வேண்டும். நுரையீரல் நோயால் வந்தால் அந்த நோய்க்கான சிகிச்சையும் ஆக்சிஜனும். பழைய ரத்தக்கட்டி அடைத்திருந்தால், அறுவை சிகிச்சையில் அதை அகற்றி ஏறக்குறைய குணப்படுத்தவும் முடியும். தமனியே தடித்துச் சுருங்கும் வகைக்கு சில்டெனாஃபில், டடாலாஃபில், போசென்டான் போன்ற மாத்திரைகள். முற்றிய நிலையில் எபோப்ரோஸ்டெனால் போன்ற மருந்தை இடைவிடாமல் உடலில் செலுத்துவார்கள். 2024இல் சோட்டாடெர்செப்ட் ஊசிக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. எதற்கும் கட்டுப்படாதவர்களுக்கு நுரையீரல் மாற்று சிகிச்சை.

தமனி சுருங்கும் வகையில், அமெரிக்காவின் ரிவீல் என்ற நோயாளிகள் பதிவேட்டின்படி, நோய் தெரிந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் 100 பேரில் சுமார் 57 பேர் உயிருடன் இருந்தார்கள். ஆறு நிமிட நடை, இதயச் சுமையைக் காட்டும் பி.என்.பி. ரத்தப் பரிசோதனை, மூச்சிரைப்பு ஆகியவற்றை வைத்து ஒவ்வொருவரின் ஆபத்தையும் மருத்துவர் கணிப்பார். குறைந்த ஆபத்து நிலையில் ஓராண்டுக்குள் இறக்கும் வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் கீழே. அதிக ஆபத்து நிலையில் 20 சதவீதத்துக்கும் மேலே. சிகிச்சையால் அதிக ஆபத்து நிலையிலிருந்து குறைந்த ஆபத்து நிலைக்கு வருபவர்கள் உண்டு.

மருந்தை நீங்களாக நிறுத்தக் கூடாது. சில்டெனாஃபில் எடுப்பவர்கள் நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மாத்திரையைச் சேர்த்து எடுக்கக் கூடாது. கர்ப்பம் தாய்க்கு மிக ஆபத்தானது. முன்கூட்டியே ஆலோசனை வேண்டும். அடுத்த முறை மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இது எந்த வகை? கதீட்டர் பரிசோதனை தேவையா? இப்போது என் ஆபத்து எந்த நிலையில் இருக்கிறது?