குளிர்காலத்தில் மின்சாரக் கார்: நார்வே நாட்டு அனுபவமும் அதன் அறிவியலும்

நார்வேயில் 2024ஆம் ஆண்டு விற்பனையான புதிய கார்களில் 88.9 சதவீதம், முழுக்க மின்கலத்தால் ஓடும் மின்சாரக் கார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், அந்நாட்டில் பதிவு பெற்ற மின்சாரக் கார்களின் எண்ணிக்கை பெட்ரோல் கார்களின் எண்ணிக்கையைத் தாண்டியது. இத்தனைக்கும் அது குளிர் நாடு. அதன் வடபகுதி ஆர்க்டிக் வட்டத்துக்குள் இருக்கிறது. 2024 ஜனவரி 5 அன்று வடக்கே உள்ள கௌட்டோகெய்னோ என்ற ஊரில் மைனஸ் 43.5 டிகிரி செல்சியஸ் பதிவானது.

இவ்வளவு கார்கள் விற்றதற்கு வாங்கும் வரி விலக்கும், 2001 முதல் கிடைத்த மதிப்புக் கூட்டு வரி விலக்கும் பெரிய காரணங்கள். ஆனால் வரிச் சலுகை ஒரு காரை வாங்கத்தான் வைக்கும். ஜனவரி மாதக் காலையில் அதைக் கிளப்பி வேலைக்குப் போக உதவாது. மின்கலத்துக்குக் குளிர் ஆகாது என்பது எல்லோரும் அறிந்தது. அப்படியிருக்க, அந்நாட்டு மக்கள் குளிர்காலத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

எத்தனை சதவீதம் குறையும்?

மின்சாரக் கார் வாங்க நினைப்பவர் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். நார்வே மோட்டார் வாகன ஓட்டுநர் சங்கமான என்.ஏ.எஃப். 2020ஆம் ஆண்டு 20 மின்சாரக் கார்களைக் குளிர்காலச் சாலையில் ஓட்டிப் பார்த்தது. தயாரிப்பாளர்கள் அறிவித்த தூரத்தைவிடச் சராசரியாக 18.5 சதவீதம் குறைவான தூரமே அவை ஓடின. அதன் பிறகும் அச்சங்கம் இத்தகைய சோதனைகளைத் தொடர்ந்து நடத்தி வருகிறது. ஒரே நாளில், ஒரே பாதையில் ஓடிய கார்களிடையே கூடப் பெரிய வேறுபாடு காணப்படுகிறது.

அறிவிக்கப்படும் தூரம் பொய்யன்று. ஐரோப்பாவில் பின்பற்றப்படும் டபிள்யூ.எல்.டி.பி. சோதனை 23 டிகிரி வெப்பநிலையில், ஆய்வுக்கூடத்துக்குள், ஹீட்டரும் ஏ.சி.யும் இயங்காத நிலையில் நடக்கிறது. அது 23 டிகிரியில் உண்மை. விளம்பரத்தில் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே மைனஸ் 10 டிகிரியில் ஓடும் தூரத்தையும் அச்சிட்டால் வாங்குபவருக்கு எவ்வளவோ உதவியாக இருக்கும்.

ஆனால் அந்த இரண்டாவது எண்ணும் முழு விடையாகாது. ஒரே கார், ஒரே குளிரில், ஒருவருக்கு 15 சதவீதம் குறையும். இன்னொருவருக்குப் பாதிக்குப் பாதி குறையும். இருவர் சொல்வதும் உண்மையே. மோட்டார் கிலோமீட்டர் கணக்கில் மின்சாரம் செலவழிக்கிறது. ஹீட்டர் மணிக் கணக்கில் செலவழிக்கிறது. இந்த வேறுபாடு புரிந்தால் குளிர்கால மின்சாரக் காரைப் பற்றிய பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சூடு எங்கிருந்து வருகிறது?

பெட்ரோல் எஞ்சின் எரிபொருளின் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குகிறது. குளிர்காலத்தில் அந்த வீண் வெப்பத்தில் ஒரு சிறு பங்கே காருக்குள் திருப்பி விடப்படுகிறது. எனவே பெட்ரோல் காரில் ஹீட்டருக்கென்று தனிச் செலவு ஏறத்தாழ இல்லை. மின்மோட்டாரோ பெற்ற ஆற்றலில் 90 சதவீதத்துக்கு மேல் சக்கரத்தைச் சுழற்றவே பயன்படுத்துகிறது. வீணாகும் வெப்பம் மிகக் குறைவு. கோடையில் பெருமையாகச் சொல்லப்படும் இந்தத் திறன், குளிர்காலத்தில் உள்ளே இருப்பவர்களுக்குச் சூடு தர ஒன்றும் மிச்சம் வைப்பதில்லை. அந்தச் சூட்டை மின்கலத்திலிருந்தே எடுக்க வேண்டும்.

அதை எடுக்க இரண்டு வழிகள் உண்டு. இஸ்திரிப் பெட்டியைப் போல மின்தடைக் கம்பியை அல்லது பீங்கான் தட்டைச் சூடாக்குவது ஒன்று. இதில் 1 அலகு மின்சாரத்துக்கு 1 அலகு வெப்பம்தான் கிடைக்கும். மற்றொன்று வெப்பப் பம்பு. வீட்டுக் குளிர்பதனப் பெட்டி உள்ளேயிருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. அதன் பின்புறம் கைவைத்தால் சூடு தெரியும். வெப்பப் பம்பு அதே வேலையைத் திசை மாற்றிச் செய்கிறது. வெளியே உள்ள குளிர்ந்த காற்றிலும் ஓரளவு வெப்பம் இருக்கிறது. அதைத் திரட்டி உள்ளே கொண்டுவருகிறது. மிதமான குளிரில் 1 அலகு மின்சாரத்துக்கு 2 அலகுக்கும் மேல் வெப்பம் கிடைக்கும். குளிர் கூடக் கூட இந்த ஆதாயம் குறைந்துகொண்டே போகும். உறைநிலையை ஒட்டியே குளிர்காலம் கழியும் பெர்கன் போன்ற கடலோர நகரத்தில் வெப்பப் பம்பு நல்ல பயன் தரும். கடுங்குளிர் வாட்டும் உள்நாட்டுப் பகுதிகளில் அந்த அளவுக்குத் தராது.

ஒரு கணக்கு

60 கிலோவாட் மணி மின்கலம் கொண்ட ஒரு காரை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிமையாக இருப்பதற்காக ஹீட்டர் எப்போதும் 3 கிலோவாட் எடுப்பதாகக் கொள்வோம்.

நெடுஞ்சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் 100 கிலோமீட்டருக்கு 15 கிலோவாட் மணி செலவாகிறது என்றால், மோட்டாருக்கு வேண்டிய திறன் 12 கிலோவாட். ஹீட்டர் இல்லாமல் 5 மணி நேரம், அதாவது 400 கிலோமீட்டர் ஓடும். ஹீட்டரைச் சேர்த்தால் மொத்தம் 15 கிலோவாட். 4 மணி நேரம், 320 கிலோமீட்டர். இழப்பு 20 சதவீதம்.

அதே கார் நகர நெரிசலில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறது. 100 கிலோமீட்டருக்கு 12 கிலோவாட் மணி போதும் என்றால், மோட்டாருக்கு 2.4 கிலோவாட். ஹீட்டர் இல்லாமல் 500 கிலோமீட்டர் போகலாம். ஹீட்டருடன் மொத்தம் 5.4 கிலோவாட், 11 மணி நேரத்தில் மின்கலம் காலி. ஓடிய தூரம் சுமார் 220 கிலோமீட்டர். பாதிக்கு மேல் போய்விட்டது.

கோடையில் நகரத்தில்தான் மின்சாரக் கார் அதிக தூரம் ஓடும். குளிர்காலத்தில் நிலைமை தலைகீழ். மேலும் ஹீட்டர் அதிகம் இழுப்பது முதல் 10, 15 நிமிடங்களில்தான். குழந்தையைப் பள்ளியில் விட்டு, கடைக்குப் போய், அரை மணி கழித்து வீடு திரும்புபவர் ஒவ்வொரு முறையும் ஆறிப்போன காரைப் புதிதாகச் சூடாக்குகிறார்.

இந்தக் கணக்கில் சேராத சிறு செலவுகளும் உண்டு. மைனஸ் 20 டிகிரியில் காற்று, 20 டிகிரியில் இருப்பதைவிடச் சுமார் 16 சதவீதம் அடர்த்தியானது. அதைப் பிளந்துகொண்டு ஓடக் கூடுதல் ஆற்றல் வேண்டும். டயரில் காற்றழுத்தம் குறைகிறது. சாலையில் கிடக்கும் பனிச்சேறு சக்கரத்தை இழுத்துப் பிடிக்கிறது. இவையெல்லாம் பெட்ரோல் காருக்கும் பொதுவானவையே.

மின்கலத்துக்குள் நடப்பது

லித்தியம் அயனி மின்கலத்தில் இரண்டு மின்வாய்களுக்கு இடையே திரவ மின்பகுபொருள் இருக்கிறது. லித்தியம் அயனிகள் அதன் வழியாகவே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகின்றன. குளிரில் அத்திரவம் கெட்டியாகிறது; தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறைவதுபோல் முழுக்க உறைந்துவிடாவிட்டாலும், அயனிகளின் நடை தளர்கிறது. உள்தடை கூடுகிறது, ஆற்றலில் ஒரு பகுதி மின்கலத்துக்குள்ளேயே வெப்பமாகச் செலவாகிறது.

இரவில் 60 சதவீதம் காட்டிய கார் காலையில் சற்றுக் குறைத்துக் காட்டுவதற்கும் இதுவே காரணம். குறைந்ததாகத் தோன்றும் அந்தப் பங்கில் பெரும்பகுதி தொலைந்துபோகவில்லை. மின்கலம் சூடானதும் திரும்பக் கிடைக்கும். திரையில் தெரியும் ‘மீதமுள்ள தூரம்’ என்ற எண்ணையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. பெரும்பாலான கார்களில் அது அண்மையில் ஓடிய ஓட்டத்தின் செலவை வைத்துப் போடும் மதிப்பீடு. இரண்டு நாள் குறுகிய ஓட்டம் ஓடினால் எண் சரியும். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறும்.

மின்சாரத்தை வெளியே எடுப்பதைவிட உள்ளே ஏற்றுவதே குளிரில் கடினம். ஏற்றும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் மின்வாயின் அடுக்குகளுக்குள் புக வேண்டும். உறைநிலைக்குக் கீழே வேகமாக ஏற்றினால், புக முடியாத லித்தியம் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். அது நிரந்தரச் சேதம். ஆகவே காரின் கட்டுப்பாட்டுக் கணினி மின்னோட்டத்தைக் குறைத்துவிடுகிறது. விரைவு மின்னேற்று நிலையத்தில் 150 கிலோவாட் வேகத்தை எதிர்பார்த்துப் போனவர் 40 கிலோவாட் மட்டும் கண்டு, நிலையம் பழுது என்று சலித்துக்கொள்வார். பல சமயம் பழுது ஏதுமில்லை. கார் தன் மின்கலத்தைக் காத்துக்கொள்கிறது.

இதே காரணத்தால் ஓட்டும்போதும் ஒரு மாற்றம் தெரியும். மின்சாரக் காரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டார் மின்னாக்கியாக மாறி, வண்டியின் வேகத்தைக் குறைத்து, அந்த ஆற்றலை மின்கலத்துக்குத் திருப்பி அனுப்பும். இதுவும் ஒருவகை மின்னேற்றம்தான். மின்கலம் குளிர்ந்திருக்கும்போது கணினி இதையும் கட்டுப்படுத்தும். எனவே, நேற்று மாலை காலை எடுத்ததும் நின்ற வண்டி, இன்று காலை அதே இறக்கத்தில் உருண்டுகொண்டே போகும். புதிதாக வாங்கியவர்கள் இதை அறிந்திருப்பது அவசியம். பனி உறைந்த தெருவில் பிரேக்கைச் சில மீட்டர் முன்கூட்டியே மிதிக்க வேண்டியிருக்கும்.

வீட்டு வாசலில்

பெட்ரோல் காலத்திலேயே குளிர் நாடுகளில் எஞ்சினைச் சூடாக வைக்க இரவில் காரை மின்செருகியில் இணைத்து வைக்கும் வழக்கம் இருந்தது. அதனால் காரைச் செருகி வைப்பது வடபுலத்தாருக்குப் புதிய பழக்கமன்று.

இன்று அவர்கள் செய்வது இது. மின்கட்டணம் மணிக்கு மணி மாறுவதால், மலிவான பின்னிரவு நேரத்தில் ஏற்றம் நடக்குமாறு அமைக்கிறார்கள். காலை 7 மணிக்குக் கிளம்ப வேண்டுமானால் ஏற்றம் 6 மணியை ஒட்டி முடியும்படி வைப்பது நல்லது. ஏறி முடித்த கையோடு மின்கலம் சற்று வெதுவெதுப்பாக இருக்கும். கிளம்பும் நேரத்தைக் கைபேசிச் செயலியில் குறித்துவிட்டால், வண்டி செருகியில் இருக்கும்போதே உள்ளறை சூடாகிவிடும். கண்ணாடியில் படிந்த பனியும் இளகிவிடும். ஹீட்டர் அதிகம் இழுக்கும் அந்த முதல் கால் மணி நேரச் செலவை வீட்டு மின்சாரம் ஏற்றுக்கொள்கிறது. உள்ளே ஏறிய பின் இருக்கைச் சூடேற்றியைப் போட்டுக்கொண்டு அறை வெப்பத்தைக் குறைத்து வைப்பார்கள். காரின் காற்று முழுவதையும் சூடாக்கக் கிலோவாட் கணக்கில் வேண்டும். ஓர் இருக்கைக்கு 100 வாட் அளவே போதும்.

சொந்த வீடும் வாசலில் மின்னேற்றியும் உள்ளவருக்கு இதெல்லாம் எளிது. அடுக்ககத்தில் குடியிருந்து, தெருவோரம் காரை நிறுத்துபவருக்கு இவற்றில் எதுவும் கிடைக்காது. அவர் ஒவ்வொரு காலையும் குளிர்ந்த மின்கலத்தோடு தொடங்குகிறார். ஏற்றுவதற்கும் பொது நிலையத்தையே நம்பியிருக்கிறார். குளிர்கால மின்சாரக் காரைப் புகழ்பவரும் பழிப்பவரும் பேசும்போது, அவர்கள் இரவில் காரை எங்கே நிறுத்துகிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நெடுந்தூரப் பயணம்

60 கிலோவாட் மணி மின்கலத் தொகுதி சுமார் 400 கிலோ எடை இருக்கும். அதை மைனஸ் 15 டிகிரியிலிருந்து 15 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 3 கிலோவாட் மணி ஆற்றல் தேவை. 5 கிலோவாட் சூடேற்றி என்றால் இதற்கு அரை மணி நேரத்துக்கு மேலாகும். எனவே நிலையத்தை அடைந்த பிறகு சூடாக்கத் தொடங்கிப் பயனில்லை. வழிகாட்டித் திரையில் மின்னேற்று நிலையத்தையே சேருமிடமாகக் குறித்துவிட்டால், பல கார்கள் வழியிலேயே மின்கலத்தைச் சூடாக்கத் தொடங்கும். 2024 ஜனவரியில் அமெரிக்காவின் சிகாகோ நகர மின்னேற்று நிலையங்களில் கார்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றதற்கு, மின்கலங்கள் இவ்வாறு சூடாக்கப்படாமல் வந்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. ஒவ்வொரு காரும் மெதுவாக ஏற, வரிசை நீண்டது; வரிசையில் நின்றவர்கள் ஹீட்டரை ஓடவிட, இருந்த மின்சாரமும் தீர்ந்தது.

நார்வேயில் இத்தகைய நெரிசல் ஈஸ்டர் விடுமுறையில் வரும். நகரத்தார் திரளாக மலைப்பகுதி மரவீடுகளுக்குப் போகும் நேரம் அது.

மலைப்பாதைகளில் வேறொரு காத்திருப்பு உண்டு. ஹர்டாங்கர்விட்டா பீடபூமி, சால்ட்ஃபெல்லெட் மலை போன்ற இடங்களில் பனிப்புயலின்போது சாலைத் தடுப்பை இறக்கிவிடுவார்கள். பனி அகற்றும் வண்டி முன்னே செல்ல, கார்கள் அதன் பின்னே ஒரே அணியாகத்தான் போக முடியும். முறை வரும்வரை தடுப்பருகே காத்திருக்க வேண்டும். சில நேரம் பல மணி நேரம். கிலோமீட்டர் ஒன்றுகூட ஓடாமல் ஹீட்டர் மட்டும் ஓடும் நேரம் இது. பாதி நிறைந்த மின்கலத்தில் 30 கிலோவாட் மணி இருந்தால், 3 கிலோவாட் கணக்கில் 10 மணி நேரம் தாங்கும், சிக்கனமாக 1.5 கிலோவாட்டில் வைத்தால் 20 மணி நேரம். ஆனால் அதன் பிறகு மலையைக் கடக்க மின்சாரம் இருக்காது. பாதி நிறைந்த பெட்ரோல் கார் இதைவிட நீண்ட நேரம் தாங்கும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பதிலுக்கு மின்சாரக் காரில் ஒரு பாதுகாப்பு உண்டு: புகைக்குழாயைப் பனி அடைத்து, கார்பன் மோனாக்சைடு உள்ளே புகும் ஆபத்து அதில் கிடையாது. எந்தக் காராக இருந்தாலும் கம்பளி உடையும் போர்வையும் இன்றி அங்கே போகக் கூடாது.

கிளம்பாத கார்கள்

2024 ஜனவரிக் கடுங்குளிரில் ஆஸ்லோ நகரின் மின்சாரப் பேருந்துகள் பல ஓடாமல் நின்றது செய்தியானது. கார்களின் கதை வேறு. அந்நாட்களில் சாலை உதவி நிறுவனமான வைக்கிங்குக்கு ‘வண்டி கிளம்பவில்லை’ என்று வந்த அழைப்புகளில் சுமார் 13 சதவீதமே மின்சாரக் கார்களுக்கானவை. நாட்டின் கார்களில் அவற்றின் பங்கோ அப்போது 23 சதவீதத்தை ஒட்டி இருந்தது. மின்சாரக் கார்களில் பல புதியவை என்பதையும் இங்கே கணக்கில் கொள்ள வேண்டும்.

மின்சாரக் கார் கிளம்பாமல் போனால், பெரிய மின்கலத்தை மட்டும் சந்தேகிக்க வேண்டியதில்லை. பெட்ரோல் காரில் இருப்பது போலவே 12 வோல்ட் துணை மின்கலம் ஒன்று அதிலும் இருக்கிறது. கணினி விழிப்பதும் பெரிய மின்கலத்தின் இணைப்பு மூடுவதும் அதன் மின்சாரத்தால்தான். அது தளர்ந்துபோனால், பெரிய மின்கலத்தில் 50 கிலோவாட் மணி இருந்தாலும் வண்டி அசையாது.