குழாய் இணைப்புகள் உருவாகும் விதம்

குழாயைத் திருப்பவும் கிளை பிரிக்கவும் உதவும் எல்போ, டீ போன்ற உலோகத் துண்டுகளே குழாய் இணைப்புகள். ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் சுவரோரம் ஓடும் இரும்புக் குழாய்களில் இவற்றைக் காணலாம். வடிவம் ஒன்றாயினும் செய்முறை மூவகைப்படும்.

முதலாவது வார்ப்பு. உருக்கிய இரும்பை மணல் அச்சில் ஊற்றுவர். உட்துளைக்காக நடுவில் மணலால் ஆன கரு இருக்கும். இப்படிக் கிடைக்கும் வெள்ளை வார்ப்பிரும்பு எளிதில் உடையும். ஆகவே 900 பாகை செல்சியசுக்கு மேல் நெடுநேரம் சூடாக்கி, மெல்ல ஆறவிட்டுப் பக்குவப்படுத்துவர். பிறகு துத்தநாகம் பூசி மரை வெட்டுவர். ஐரோப்பாவில் இத்தகைய இணைப்புகளை முதலில், 1864இல், தயாரித்தது சுவிட்சர்லாந்தின் ஜார்ஜ் ஃபிஷர் நிறுவனம்.

இரண்டாவது, நம் கொல்லுப்பட்டறை அறிந்த முறை. பழுக்கக் காய்ச்சிய எஃகுக் கட்டியை அச்சில் அடித்து, துளையிட்டு, மரை வெட்டுவர். வார்ப்பில் நேரக்கூடிய காற்றுக்குமிழிகள் இதில் இரா.

மூன்றாவது, குழாயிலிருந்தே செய்வது. குழாய்த் துண்டைச் சூடாக்கி, வளைந்த உட்தண்டின்மேல் தள்ளினால் எல்போ. உள்ளே திரவ அழுத்தம் கொடுத்துப் பக்கவாட்டில் புடைக்கச் செய்தால் டீ.

வீட்டுத் தண்ணீருக்கு வார்ப்பு போதும். உயர் அழுத்த நீராவிக்கு மற்ற இரண்டுமே ஏற்றவை. விலை குறைவென்று மாற்றிப் பொருத்தினால், வெடிப்பின் வழியே பீறிடும் நீராவி அருகில் நிற்பவரைச் சுட்டுவிடும். பிறை தொழிற்சாலைகளில் நம் இளைஞர் பலர் பணிபுரிகின்றனர். தமிழ்ப்பள்ளிக்குப் பின் அறிவியலை வேற்றுமொழியில் கற்ற நான், அவர்களுக்காகவே இதைத் தமிழில் எழுதினேன்.