வாசல் தாண்டும் விற்பனை

கடைக்குச் செல்பவர் ஏதோ ஒரு தேவையோடு செல்கிறார், பிடிக்காவிட்டால் பேசாமல் வெளியே வந்துவிடுகிறார். ஆனால் வீடு தேடி வரும் விற்பனையில், வாங்கும் எண்ணமே இல்லாமல் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து கதவைத் திறப்பவரும், என்ன பேசுவது, எந்த மறுப்புக்கு எந்தப் பதில் சொல்வது என்று பயிற்சி பெற்று வந்தவரும் எதிரெதிரே நிற்கிறார்கள். அதிலும் வந்தவரை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுக்கும் பழக்கமுள்ள குடும்பங்களில், விற்பனையாளர் கூடத்தில் அமர்ந்த கணத்திலேயே வாங்குபவர் விருந்தளிப்பவராக மாறிவிடுகிறார், வெளியே போகச் சொல்லும் சங்கடமும் அவர் தலையில் விழுகிறது. இவ்வகை விற்பனையின் அறச்சிக்கல் பெரும்பாலும் பொருளின் தரத்தைவிட இந்த இடமாற்றத்தில்தான் இருக்கிறது.

தெருவில் கூவி விற்கும் கீரைக்காரரையும் பூக்காரரையும் இந்தக் கணக்கில் சேர்ப்பது நியாயமாகாது. அவர்கள் நாளையும் அதே தெருவுக்கு வர வேண்டியவர்கள் என்பதால், அழுகிய கட்டை இன்று கொடுத்தால் நாளை அந்த வாசலில் வியாபாரம் இல்லை என்ற அச்சமே அவர்களது நேர்மைக்குக் காவலாக நிற்கிறது. விலையுயர்ந்த பொருளை ஒரே முறை விற்றுவிட்டுக் கமிஷனோடு வேறு பேட்டைக்குப் போய்விடும் முகவருக்கு அப்படியொரு காவல் கிடையாது.

சிறிய சம்மதத்தைப் பெற்று அதன் வழியே பெரிய சம்மதத்துக்கு இட்டுச் செல்வது இத்தொழிலின் பழைய உத்தி. அமெரிக்க உளவியலாளர்கள் ஃப்ரீட்மேனும் ஃப்ரேசரும் 1966இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாறு ஆண்கள் வீட்டுக்குள் வந்து இரண்டு மணி நேரம் வீட்டுப் பொருள்களைக் கணக்கெடுக்க அனுமதிப்பீர்களா என்று இல்லத்தரசிகளிடம் கேட்கப்பட்டது. நேரடியாக இதைக் கேட்டபோது சுமார் 22 விழுக்காட்டினரே ஒப்புக்கொண்டனர். ஆனால் சில நாள்களுக்கு முன்பு தொலைபேசியில் சோப்பு பற்றிய சில எளிய கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இணங்கினர். “அக்கா, சும்மா தண்ணிய டெஸ்ட் பண்ணிக் காட்டிட்டுப் போறோம், காசு ஒண்ணும் வேணாம்” என்ற பேச்சு நம் ஊர்களில் செய்யும் வேலையும் இதுவே.

அந்தத் தண்ணீர்ச் சோதனையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது. ஒரு தம்ளரில் வீட்டுக் குழாய்த் தண்ணீரும் மற்றொன்றில் ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்த தண்ணீரும் வைக்கப்பட்டு, இரும்பும் அலுமினியமுமான கம்பிகள் கொண்ட சிறு கருவி இரண்டிலும் இறக்கப்பட்டு மின்சாரம் பாய்ச்சப்படுகிறது. ஓரிரு நிமிடங்களில் குழாய்த் தண்ணீர் பழுப்பேறிக் கசடு மிதக்க, மற்றது ஏறக்குறைய தெளிவாகவே நிற்கும்போது, “இதைத்தாம்மா பிள்ளைங்க குடிக்குது” என்று விற்பனையாளர் சொல்லும் சொல்லுக்கு மறுபேச்சு எழுவதில்லை. உண்மையில் அந்தக் கசடு தண்ணீரில் இருந்த அழுக்கே அல்ல. கரைந்த உப்புகள் உள்ள நீர் மின்சாரத்தைக் கடத்துவதால் இரும்புக் கம்பி அரிக்கப்பட்டுத் துருவைப் போன்ற இரும்புச் சேர்மமாகத் தண்ணீரில் கலக்கிறது. உப்பு பெருமளவு நீக்கப்பட்ட நீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாததால் அதில் கம்பி அரிபடுவதில்லை. தெளிவாக நிற்கும் தம்ளரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டுப் பார்த்தால் அதுவும் பழுப்பேறும். கரைந்த திடப்பொருள்களின் அளவை, அதாவது முகவர்கள் மீட்டரில் காட்டும் டி.டி.எஸ். எண்ணை, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இந்தியத் தர நிர்ணயம் ஏற்றுக்கொள்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. நீரில் நோய்க்கிருமி இருக்கிறதா என்பதை அந்த எண் சொல்லாது.

நிலத்தடி நீர் உவர்ப்பேறிய பல பகுதிகளில் இந்த இயந்திரம் உண்மையாகவே தேவைப்படலாம் என்பதுதான் இதில் வேடிக்கை. தேவை உள்ள வீட்டிலும் பொய்யான சோதனையால் விற்கும்போது, வாங்குபவர் தாமாகச் சிந்தித்து முடிவெடுக்கும் உரிமை பறிக்கப்படுகிறது. நல்ல பொருளைத்தானே கொடுத்தோம் என்ற சமாதானம் அதற்கு ஈடாகாது.

ஆஸ்திரேலியாவில் இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்கே சென்றது. லக்ஸ் டிஸ்ட்ரிபியூட்டர்ஸ் என்ற நிறுவனத்தின் முகவர்கள், பழைய வாக்குவம் கிளீனரை இலவசமாகப் பரிசோதிப்பதாகத் தொலைபேசியில் சொல்லி முதிய பெண்களின் வீடுகளுக்குள் நுழைந்து, புதிய இயந்திரங்களை விற்றனர். முதலில் விசாரித்த நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில் கூட்டாட்சி நீதிமன்றத்தின் முழு அமர்வு 2013 ஆகஸ்டில், நுழைவதற்குச் சொன்ன பொய்யே அதன் பின் நடந்த அனைத்தையும் கெடுத்துவிட்டது என்ற பார்வையில், மூன்று பெண்களிடம் நடந்த விற்பனையை மனசாட்சிக்கு ஒவ்வாத நடத்தை என்று தீர்த்தது. அடுத்த ஆண்டு 3,70,000 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

அழுத்தத்தில் எடுத்த முடிவை ஆறியபின் மாற்றிக்கொள்ளும் உரிமையை, அதாவது காரணம் சொல்லாமல் ஒப்பந்தத்தை ரத்து செய்யும் அவகாசத்தை, பல நாடுகள் வாங்குபவருக்கு வழங்கியுள்ளன. அமெரிக்காவில் அது மூன்று வேலை நாள்கள், ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 நாள்கள், ஆஸ்திரேலியாவில் 10 வேலை நாள்கள். இந்தியாவில் 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள், விற்பனையாளர் அடையாள அட்டை இல்லாமலும் முன்அனுமதி இல்லாமலும் வீட்டுக்கு வரக்கூடாது என்றும், கேட்காமலே தம் பெயரையும் நிறுவனத்தையும் வந்த நோக்கத்தையும் முதலிலேயே சொல்ல வேண்டும் என்றும் கூறுகின்றன. ஆயினும் அவை ஆள்சேர்த்து வலைப்பின்னலாக விற்கும் நிறுவனங்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. அவற்றில் வரும் மறுபரிசீலனை அவகாசமும் விற்பனையாளராகச் சேர்பவருக்கு உரியதேயன்றி, கூடத்தில் அமர்ந்து கையெழுத்திட்டு வாங்குபவருக்கு உரியதன்று. காப்பீட்டுப் பத்திரத்தை 30 நாள்களுக்குள் திருப்பித்தர இந்நாட்டில் வழி இருக்கும்போது, அதே கூடத்தில் விற்கப்படும் இயந்திரத்துக்கு அது இல்லாதது முரண்தான்.

விற்பனையாளரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதோடு இந்த விவாதம் நின்றுவிடக் கூடாது. கொளுத்தும் வெயிலில் மாடிமாடியாக ஏறி, காவலாளிகளின் அதட்டலையும் முகத்தில் அறையப்படும் கதவுகளையும் தாங்கும் அந்த இளைஞர்களில் பலருக்கு நிலையான சம்பளமே இல்லை, விற்றால்தான் கமிஷன். பொய் பேசப் பயிற்றுவித்து, பொய்யின் லாபத்தை எடுத்துக்கொண்டு, புகார் வரும்போது மட்டும் அவர் எங்கள் ஊழியர் அல்லர் என்று கைகழுவும் நிறுவனமே முதலில் பதில் சொல்ல வேண்டியது.

வாங்குபவருக்கும் ரத்து செய்யும் அவகாசம் சட்டத்தில் எழுதப்படும்வரை, அடையாள அட்டையைக் கேட்பதும், பேச்சை வாசலிலேயே வைத்துக்கொள்வதும், ரசீது இல்லாமல் முன்பணம் தராமலிருப்பதும் ஒவ்வொரு வீட்டாரின் உரிமை. ஏமாற்றப்பட்டதாக உணர்பவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம்.