கவரத்தியின் தண்ணீர்க் கணக்கைக் கழிவறையிலிருந்து தொடங்குவோம்

லட்சத்தீவுகளின் தலைநகரான கவரத்தியின் பரப்பு சுமார் 4 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்ந்தவர்கள் 11,221 பேர். ஆறு கிடையாது, ஏரி கிடையாது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீட்டர் மழை பெய்தாலும், பவள மணல் அதை அப்படியே உள்ளே இறக்கிவிடுகிறது. இறங்கிய மழைநீர், தன்னைவிடக் கனமான உப்புநீரின் மேல் எண்ணெய் போல மிதந்து நிற்கிறது. தீவின் கிணறுகள் எல்லாம் இந்த மெல்லிய நன்னீர்ப் படலத்தில்தான் தோண்டப்பட்டிருக்கின்றன. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் இருக்கும் என்பது நூறாண்டுக்கு முன்பே வகுக்கப்பட்ட அடர்த்திக் கணக்கு. இதைத் திருப்பிப் பார்த்தால் ஆபத்து புரியும்: நீர்மட்டம் 10 சென்டிமீட்டர் நிரந்தரமாகத் தாழ்ந்தால் உப்புநீர் கீழிருந்து 4 மீட்டர் ஏறிவர இடமுண்டு. அலையேற்றத்தால் இரண்டும் கலந்துகொண்டே இருப்பதால் உண்மையில் கிடைக்கும் நன்னீர் இந்தக் கணக்கைவிடவும் குறைவு. மோட்டார் வைத்து இறைப்பது இந்தச் சமநிலையைக் குலைக்கும் என்ற வழக்கில்தான், நன்னீர் பெறும் உரிமை வாழ்வுரிமையின் பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் 1990இல் சொன்னது.

இப்படிப்பட்ட தீவில் குடிநீர், கழிவுநீர், மின்சாரம் மூன்றையும் தனித்தனியாக மதிப்பிட்டால் மூன்று மதிப்பீடுகளும் பிழையாகத்தான் முடியும். அந்த மூன்றில் முதலில் அளக்க வேண்டியது, வழக்கமாகக் கடைசிக்குத் தள்ளப்படும் கழிவுநீர் என்பதே என் வாதம். வீட்டுக்கு வீடு கிணறும், அதே வளவுக்குள் செப்டிக் டேங்கும் உறிஞ்சுகுழியும் இருக்கின்றன. கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளிக் கழிவுக்குழி அமைய வேண்டும் என்பது நிலப்பகுதியில் சொல்லப்படும் பொது விதி. வீடுகள் நெருங்கி நிற்கும் தீவில் அதற்கு இடமே இல்லை. இடம் இருந்தாலும் பயனில்லை, களிமண் வடிகட்டுவதைப் போல பவள மணல் வடிகட்டாது. சில அடி ஆழத்திலேயே நீர்மட்டம் இருப்பதால், குழியில் விட்ட கழிவு தங்கித் தெளிய அவகாசமின்றிக் குடிக்கும் நீரோடு சேர்ந்துவிடுகிறது.

கடல்நீரே குடிநீராகக் கிடைக்கும்போது கிணற்றைப் பற்றி ஏன் கவலை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2005இல் கவரத்தியில் அமைத்த நிலையம், தமிழ்நாட்டிலிருந்து இயங்கும் விஞ்ஞானிகளின் பெருமைக்குரிய சாதனை. சுமார் 28 டிகிரி வெப்பமுள்ள மேல்மட்டக் கடல்நீரை வெற்றிடத்தில் ஆவியாக்கி, 350 மீட்டர் ஆழத்திலிருந்து குழாயில் ஏற்றும் குளிர்ந்த நீரால் அதைக் குளிரச்செய்து நன்னீர் எடுக்கிறார்கள். சவ்வு வேண்டாம், அடர் உப்புக்கழிவு கிடையாது. கரையிலிருந்து சிறிது தூரத்திலேயே கடல் சரேலென்று ஆழமாவதால் தீவுக்கு ஏற்ற முறை. 2011இல் மினிக்காயிலும் அகத்தியிலும், பிறகு வேறு தீவுகளிலும் அது வந்தது. ஆனால் முதல் நிலையத்தின் திறன் நாளுக்கு 1 லட்சம் லிட்டர். ஆளுக்குப் பங்கிட்டால் 9 லிட்டர் தேறும். குடிக்கவும் சமைக்கவும் சரி. ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டம் சொல்லும் அளவோ ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். குளிக்க, துவைக்க, கழிவறைக்கு ஊற்ற இன்னமும் கிணறுதான். நிலையங்களைப் பெருக்கினாலும் பிரச்சினை தீராது, இடம் மாறும். வீட்டுக்குள் வரும் நீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு கழிவாக வெளியேறும் என்பது பொறியாளர்களின் வழக்கமான கணக்கு. கடலிலிருந்து தீவுக்குள் கொண்டுவரும் ஒவ்வொரு குடமும் முக்கால் குடத்துக்கு மேல் கழிவாகி அதே மணலில்தான் இறங்கப் போகிறது.

அப்படியானால் சாக்கடைக் குழாய் போட்டுக் கடலில் விட்டுவிடலாமே என்பது அடுத்த யோசனை. ஆனால் கழிவிலுள்ள சத்துகள் பாசியை வளர்க்கும்; பாசி பவளத்தை மூடும். அலையைத் தடுத்துத் தீவைக் காப்பதும், புதிய மணலைக் கொடுப்பதும் அந்தப் பவளம்தான். ஆகவே நிலத்துக்கும் கடலுக்கும் கசியாத மூடிய தொட்டிகள், அவற்றைக் காலத்தில் அள்ளும் வண்டி, சுத்திகரிப்பு என்ற சிறிய ஏற்பாடுகளே பொருந்தும். செலவு கூடும்தான். கெட்டுப்போன நன்னீர்ப் படலத்தை மீட்கும் செலவு அதைவிடக் கூடும்.

மின்சாரம் இதே கணக்கின் மறுபக்கம். ஆழத்துக் குளிர்நீரை ஏற்றும் பம்புகளுக்கு ஓயாமல் மின்சாரம் வேண்டும். அது பெரும்பாலும் கப்பலில் வரும் டீசலை எரித்துக் கிடைக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் கடல் கொந்தளிக்கும் மாதங்களுக்கு முன்கூட்டியே எண்ணெய் சேர்த்தாக வேண்டும். ஒற்றை நிலையத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதை மாலத்தீவின் மாலே நகரம் 2014 டிசம்பரில் கண்டது: குடிநீர் நிலையத்தில் பிடித்த தீயால் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தண்ணீரின்றித் தவித்தார்கள், இந்தியா விமானத்திலும் கப்பலிலும் நீர் அனுப்பியது. 2024 ஜனவரியில் கவரத்திக்கு மின்கலத்துடன் கூடிய சூரிய மின் திட்டம் கிடைத்திருப்பது நல்ல திருப்பம். நிலமில்லாத தீவில் அதை விரிவாக்கக் கூரைகள் வேண்டும். அதே கூரை மழையையும் பிடிக்கும். ஐந்து பேர் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 10 லிட்டர் வீதம் நான்கு வறண்ட மாதங்களுக்கு 6,000 லிட்டர் போதும். 100 சதுர மீட்டர் கூரையில் விழும் மழை இதைப்போலப் பல மடங்கு. மின்சாரம் நின்றாலும் நிற்காத நீர் இது ஒன்றே.

எனவே தீவின் தண்ணீரை மதிப்பிட வரும் எந்தக் குழுவும் கரையிறங்கியதும் நிலையத்தின் திறனை மட்டும் குறித்துக்கொண்டு திரும்பக் கூடாது. ஏப்ரல் கடைசியிலும், மழை முடிந்த பிறகும், கடல் ஏற்றத்திலும் வற்றத்திலும் கிணறுகளின் உப்பு, நைட்ரேட், மலக்கிருமி ஆகியவற்றை அளக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் கழிவுத்தொட்டிக்கு அடித்தளம் உண்டா, கிணறு எத்தனை மீட்டர் தள்ளியுள்ளது என்று பதிய வேண்டும். அந்த முடிவுகளைத் தீவு மக்கள் படிக்கும்படி மலையாளத்திலும் மினிக்காயில் மஹல் மொழியிலும் பொதுவில் வைக்க வேண்டும். இவை முடியும்வரை, கழிவுநீர் ஏற்பாடு இணைக்கப்படாத எந்தப் புதிய குடிநீர்த் திட்டத்துக்கும் விடுதித் திட்டத்துக்கும் ஒப்புதல் தரக் கூடாது.