சிங்குக்கு அடியில் தொங்கும் அரைவைப் பொறி

அமெரிக்கச் சமையலறைகளில் சிங்குக்கு அடியில் தொங்கும் ‘டிஸ்போசல்’, தட்டில் மிஞ்சியதை அரைத்துத் தண்ணீரோடு சாக்கடைக்கு அனுப்பும் மின்பொறி. விஸ்கான்சின் மாநிலம் ரசீன் நகரில் ஜான் ஹேம்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1927இல் உருவாக்கியது. பழைய சாக்கடைகள் தாங்காது என்று நியூயார்க் நகரின் பெரும்பகுதியில் 1997 வரை இதற்குத் தடை இருந்தது. அந்தப் பயத்தை வீண் என்று தள்ளிவிட முடியாது.

மிக்ஸியைப் போல உள்ளே கூரிய பிளேடு இல்லை. சுழலும் தட்டின் மேலுள்ள இரண்டு உலோக முளைகள் உணவைச் சுற்றுச்சுவர் வளையத்தின் மேல் வீசியடிக்க, வளையத்தின் பற்கள் அதைத் துருவித் தள்ளுகின்றன.

ரீங்காரம் மட்டும் கேட்டு, தட்டு சுழலாவிட்டால் ஏதோ சிக்கியிருக்கிறது. மின்சாரத்தை நிறுத்தி, அடிப்பக்கக் குழியில் கால் அங்குல அலன் சாவியை விட்டு முன்னும் பின்னும் திருகி, பொறியின் சிவப்பு ரீசெட் பொத்தானை அமுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பொறியின் உடம்பின் அடியிலிருந்தே நீர் கசிந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

கழற்றுவதற்கு முன் பிரேக்கரை அணைக்க வேண்டும். சுவர் ஸ்விட்சை மட்டும் நம்பக்கூடாது. கீழே வாளி வைத்து வளைகுழாயையும் டிஷ்வாஷர் குழாயையும் பிரித்தபின், பொறியைச் சிங்கோடு பிணைக்கும் மேல் வளையத்தைத் திருகினால் பொறி இறங்கிவிடும். நல்ல கனம். அடியில் பெயின்ட் டப்பா எதையாவது முட்டுக்கொடுக்காவிட்டால் கையோ குழாயோ அடிபடும். புதியது அதே வகையாக இருந்தால் பழைய வளையமே போதும்; இல்லையென்றால் சிங்கின் வாயில் கசிவை அடைக்கும் பழைய பசையை (putty) சுரண்டிவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். மின்கம்பியில் கறுப்போடு கறுப்பு, வெள்ளையோடு வெள்ளை, பச்சை நில இணைப்புக்கு.

பலர் சறுக்கும் இடங்கள் இரண்டு. டிஷ்வாஷர் குழாய் செருகும் வாயைப் புதுப் பொறியில் ஒரு பிளாஸ்டிக் மூடி அடைத்திருக்கும். அதைத் தட்டி உடைக்க மறந்தால் டிஷ்வாஷர் தண்ணீர் போக வழியின்றித் தேங்கும்; உடைத்தபின் உள்ளே விழுந்த துண்டையும் எடுத்துவிட வேண்டும். உயரம் கூடிய பொறியை வாங்கினால் அதன் வெளிவாய் சுவர்க் குழாயைவிடத் தாழ்ந்துவிடும், அப்போதும் தேக்கம்தான். வாங்கும் முன்பே அளந்துகொள்வது நல்லது. மாட்டியபின் சிங்கை நிரப்பி, ஒரே மூச்சில் திறந்துவிட்டுக் கசிவு பார்த்த பிறகே மின்சாரம்.

இத்தனை பாடுபட்டும் சிங்க் மறுபடி அடைத்துக்கொள்வது உண்டு. பொறி நன்றாக அரைக்கும். அடைப்பு குழாயில் இருக்கும். அமெரிக்காவிலுள்ள தமிழ் வீடுகளில் இது கூடுதல் கவலை. சோறு உப்பிப் பசையாகும். முருங்கைக்காய்ச் சக்கையும் வாழைத்தண்டு நாரும் முளைகளில் சுற்றிக்கொள்ளும். தாளித்த எண்ணெயும் நெய்யும் குழாயில் உறைந்து, அரைபட்ட துகளை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். செப்டிக் டேங்க் உள்ள வீட்டில் தொட்டி சீக்கிரம் நிறையும். அரைத்து அனுப்பிய உணவிலிருந்து கழிவுநீர் நிலையத்தில் எரிவாயு எடுக்கலாம் என்பது இந்தப் பொறியின் ஆதரவாளர்களின் வாதம். ஆனால் குழாயிலேயே நின்றுவிட்ட சோறு அங்கே போய்ச் சேராது.

ஆகவே, பொறியை மாற்றும்போது கையோடு வளைகுழாயையும் முழுதாகக் கழற்றி, உட்புறம் படிந்த வெள்ளைப் பசையைச் சுரண்டி, வாஷரைப் புதிதாக்கி மாட்ட வேண்டும்.